‘ஓரம்’ தேடப்போயி கிடைச்ச டிக்ஷ்னரி: ஒரு ரிவியூ

ரிவியூன்னா ஓட்டல், மொபைல், மிக்ஸின்னுதான் எழுதுவாங்க, நான் ஒரு டிக்ஷ்னரிக்கு எழுதுதேன், அதுவும் நம்ம பாஷை டிக்ஷ்னரி கிடையாது. அமெரிக்காவுல கலிபோர்னியாவோட வடமேக்கு மூலையில கிளாமத்னு ஒரு ஆறு ஓடுது, அந்த ஆத்தங்கரையில இருக்க கரூக் சனங்களோட பாஷைக்கு உள்ள ஆன்லைன் டிக்ஷ்னரி. பேரு அராராஹிஹ் உரீபிஹ், பெர்க்லி யுனிவர்சிட்டி சைட்ல கிடக்கு, காசு கிடையாது, ஆப்பும் இறக்க வேண்டாம். ‘ஆரா’ன்னா மனுசன், ‘அராராஹிஹ்’னா அவங்க பேச்சு. இதை வாயில நுழைக்கதுக்கே எனக்கு நாலு நாள் ஆச்சு.

எதுக்கு இந்த வேலைன்னு கேப்பீங்க. எங்க பெரியம்மா பத்தமடையில கோரைப்பாய் நெய்யுதாங்க. வெளியூர்ல இருந்து ஒருத்தங்க பாயோட அளவு, ஓரம் எத்தனை இஞ்சு எல்லாம் இங்கிலீஷ்ல எழுதிக் கேட்டிருந்தாங்க, நான் கையில இருந்த பாக்கெட் டிக்ஷ்னரிய பொரட்டிப் பாத்தா எட்ஜ்னா ‘விளிம்பு’ன்னு ஒத்த வார்த்தை போட்டு முடிச்சுட்டான். சரின்னு பெரியம்மாட்ட போயி “பாய்க்கு விளிம்பு எத்தனை இஞ்சு பெரியம்மா?”ன்னு கேட்டேன். “அது என்னல விளிம்பு? டம்ளருக்குத்தான் விளிம்பு இருக்கும், பாய்க்கு ஓரம்னு சொல்லு”ன்னுட்டாங்க. பொறவுதான் யோசிச்சேன், நாம ஒரு எட்ஜுக்கு எத்தனை வார்த்தை வச்சிருக்கோம் பாருங்க: ஆத்துக்கும் கொளத்துக்கும் வேட்டிக்கும் கரை, சேலைக்கு முந்தி, வயலுக்கு வரப்பு, இலைக்கு நுனி, அருவாளுக்கு வாய், பஸ்ல ஜன்னலோரம், தெருவுல சைக்கிள் ஓட்டுனா “ஏல ஓரமா போ”, ஒரு புள்ளைக்கு மட்டும் ரெண்டு முறுக்கு குடுத்தா அது ஓரவஞ்சனை, இதுல எதையுமே அந்த பாக்கெட் டிக்ஷ்னரி கண்ணால கூட பாத்ததில்ல போல.

அன்னிக்கு ராத்திரி யூடியூப்ல பாய் வீடியோல ஆரம்பிச்சு கூடை பின்னுத வீடியோவுக்குப் போயி, அப்படியே கரூக் கூடைக்கு வந்து நின்னேன். ஹேசல்னு ஒரு புதர்ச்செடியோட குச்சி, மரத்து வேரு, கரடிப்புல்லுன்னு ஒரு புல்லு, இதெல்லாம் வச்சு பின்னுவாங்களாம். குச்சி நேரா துளிர்க்கணும்னு பழைய புதரை அவங்களே தீ வச்சு எரிச்சு விடுவாங்களாம். நம்ம ஊர்ல தாமிரபரணி ஓரம் அறுத்த கோரையை தண்ணில ஊறப்போட்டு ரொம்ப நேர்த்தியா கிழிச்சு நெய்யுத சோலியத்தான் சின்னப்புள்ளையில இருந்து பாக்கேன், அதனால கை பரபரன்னு ஆயிருச்சு. அந்த சனங்க ஓரத்துக்கு என்ன சொல்லுவாங்கன்னு தேடப்போய்த்தான் இந்த டிக்ஷ்னரில விழுந்தேன்.

எட்ஜ்னு டைப் பண்ணா வருது: ‘தீம்’. தீம் பார்க் தீம் இல்ல மக்கா, ‘தீ’யை நீட்டிச் சொல்லி ‘ம்’ல முடிக்கணும், அர்த்தம் ஓரம். எழுத்துக்கு மேல உள்ள கொம்பு மாதிரி குறி எல்லாம் என் பழைய போன்ல வெறும் கட்டமாத்தான் தெரிஞ்சுது, அது போன் செஞ்ச கூத்து, தம்பி போன்ல பளிச்சுன்னு வந்துச்சு. அந்தக் குறிய விட்டுறாதீங்க, குரலை எங்க ஏத்தணும் எங்க எறக்கணும்னு சொல்லுதது அதுதான்.

சும்மா ஒரு வார்த்தை, ஒரு அர்த்தம்னு போட்டிருந்தா நான் இம்புட்டு தூரம் எழுதிருக்கவே மாட்டேன். இதுல வார்த்தையோட கூட பழைய கதைங்க, பேசுன பேச்சுங்களையும் சேத்து வச்சிருக்காங்க, ஒரு வார்த்தை எந்த வாக்கியத்துல எப்படி உக்காருதுன்னு பாத்துக்கலாம், சிலதுக்கு ஆடியோவும் உண்டு. இந்த தீம் ஊர்ப்பேருக்குள்ள போயும் உக்காந்திருக்கு. கிளாமத்துல சால்மன் ஆறு வந்து கூடுத பக்கம் அவங்களுக்கு ரொம்ப முக்கியமான ஒரு இடம் இருக்கு, ‘கதிம்ஈன்’னு பேரு, உலகத்துக்கே நடு அதுதான்னு சொல்லுவாங்க, வருசாவருசம் உலகத்தைப் புதுப்பிக்க சடங்கும் அங்க நடக்கும். அந்தப் பேரைப் பிரிச்சா ‘க’ன்னா ஆத்துக்கு மேல்பக்கம், ‘திம்’னா ஓரம், ‘ஈன்’னா அருவி, ஆக மேலோரத்து அருவி. அதுக்கு ஜோடியா ‘யுதிம்ஈன்’னும் ஒண்ணு உண்டு, அது கீழோரத்து அருவி. பக்கத்துலயே இஷி பிஷி அருவி, அங்க பாறை மேல நின்னு கைவலையப் போட்டு சால்மன் மீன் அள்ளுவாங்க.

இப்ப கமெண்ட்ல ஒரு அண்ணாச்சி கண்டிப்பா வருவாரு, கதிம்ஈன்ல மீன் இருக்கே, பாத்தியா தமிழ்தான்டான்னு. அண்ணாச்சி, அங்க மீன் இருக்கது நெசம், ஆனா அது ஆத்துல இருக்கு, பேர்ல இல்ல. பேர்ல இருக்கது அருவி, அவங்களுக்கு சால்மன் மீன்னா ‘ஆமா’. நீங்க சொல்லுததுக்கு ஆமா போட முடியாது.

எனக்கு நெசமாவே புல்லரிச்சது திசை வார்த்தைங்களப் பாத்துத்தான். கரூக்னாலே ஆத்துக்கு மேல்பக்கம்னு அர்த்தம், அதுவே சனங்களுக்கும் பேராயிருச்சு. யூரூக்னா ஆத்துக்கு கீழ்ப்பக்கம், கீழ இருக்க சனங்களுக்கு யூரோக்னு பேரு வந்ததும் அப்படித்தான். மலை ஏத்தத்துக்கு மாரூக், எறக்கத்துக்கு சாரூக். வழி கேட்டா வடக்க தெக்கன்னு சொல்லாம ஆத்தையும் மலையையும் வச்சே சொல்லிருவாங்க. பெரிய அதிசயம்னு நெனச்சேன், அப்பறம் யோசிச்சா நாமளும் அதத்தான செய்யுதோம்? மேக்குன்னா மேல், கெழக்குன்னா கீழ். பொதிகை மேக்க இருக்கு, தண்ணி பாபநாசத்துல எறங்கி கெழக்க பாத்து ஓடி புன்னக்காயல்ல கடலுக்குப் போவுது. “மேக்காம போ”ன்னு பெரியம்மா சொல்லும்போது அவங்களும் ஆத்துக்கு மேல்பக்கத்தைத்தான் காட்டுதாங்க, எனக்குத்தான் இத்தன நாளா உறைக்கல. நம்ம ஆறு 128 கிலோமீட்டர், அவங்க ஆறு 400 கிலோமீட்டருக்கு மேல. அதுல நாலு அணைய 2024ல இடிச்சு முடிச்சு, மீன் மேல ஏறிப் போவ ஆரம்பிச்சிருச்சு. நம்ம எட்டு அணைக்கட்டு வேற சங்கதி, அது வயலுக்கு தண்ணி திருப்புதது, ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்க வேண்டாம்.

இந்த டிக்ஷ்னரிக்கு அடித்தளம் போட்டவரு வில்லியம் பிரைட், 1949லயே ஆத்தங்கரைக்குப் போயி பெரியவங்ககிட்ட உக்காந்து கேட்டு எழுதுனவரு, 1957ல இலக்கணம் போட்டாரு. சும்மா கேள்வி கேட்டுட்டே இருந்ததால ‘வார்த்தை கேக்குத சின்னப்பய’ங்கற மாதிரி ஒரு பட்டப்பேரே வச்சுட்டாங்க. இந்த மனுசன் இடையில இந்தியாவுக்கும் வந்து பேச்சுக் கன்னடம் பத்தி ஒரு புத்தகம் எழுதிருக்காரு! அவரு படிச்ச பெர்க்லி டிபார்ட்மென்ட்ல வாத்தியாரா இருந்தவரு எமனோ, நீலகிரி தோடா பாஷையெல்லாம் எழுதிவச்ச அதே எமனோதான், திராவிட மொழிகளுக்கு வேர்ச்சொல் அகராதி போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர். பொறவு கரூக் சனங்கள்லயே ஒருத்தங்க, சூசன் கெர், பிரைட்டோட சேந்து 2005ல டிக்ஷ்னரிய புத்தகமாக் கொண்டாந்தாங்க. வெளியூர் ஆள் எழுதிட்டுப் போனதை சொந்த ஊர் ஆள் கையில எடுத்துக்கிட்டது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

யாருக்கு ஆவும்? பாஷையக் கத்துக்கிட்டு நாளைக்கே பேசிரலாம்னு போனா ஆவாது, இது அந்த சனங்க அவங்க பேச்சைத் திரும்பப் புடிக்கதுக்கு செஞ்சு வச்சது, பொறந்ததுல இருந்து பேசுனவங்க ரொம்பக் கொஞ்சப் பேர்தான் மிச்சம். அர்த்தமெல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கும், பக்கத்துல தம்பியோ தங்கச்சியோ இருந்தா நல்லது. ஆனா டிக்ஷ்னரின்னா எப்படி இருக்கணும்னு பாக்கணும்னா ஒரு ராத்திரி உள்ள போயி சுத்திட்டு வாங்க. அஞ்சுக்கு நாலரை குடுக்கேன், அரை எதுக்குன்னா நெட் இல்லாத எடத்துல தொறக்க வழியில்ல, பெரியம்மா வீட்டு பின்வாசல்ல சிக்னலும் கிடையாது. அந்த பாக்கெட் டிக்ஷ்னரிக்கு ஒண்ணு, அதுவும் அட்டை நல்லா இருக்குன்னு.

எல்லாத்தையும் பெரியம்மாட்ட சொன்னேன். ஓரம் அடக்கிக்கிட்டே, தலைய தூக்காம கேட்டுட்டு, “அவ்வோ கூடைக்கு ஓரத்தை எப்படில முடிக்காவ, உள்ள சொருகுதாவளா, இல்ல துணி வச்சுத் தைக்காவளா?”ன்னு கேட்டாங்க. திருப்பி போனை எடுத்தேன், சார்ஜ் போயிருந்துச்சு.