கோனைச் சுற்றவா, ஆடவிடவா? கூர்வர் முறையும் ஃபுனின்யோவும்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருவதில் எதிரும் புதிருமான இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வீல் கூர்வருடையது. 1974இல் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணி ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றபோது கோச்சாக இருந்த டச்சுக்காரர். பெரிய ஆட்டக்காரர்களின் படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, அவர்களுடைய அசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாடமாக்கினார். இன்னொன்று ஃபுனின்யோ, குட்டி அணிகளாக ஆடியே கற்கும் முறை. ஜெர்மானியரான ஹோர்ஸ்ட் வைன் கொண்டுவந்தது. அவர் அடிப்படையில் ஹாக்கி கோச்.

கூர்வர் முறையில் ஆளுக்கொரு பந்து. பத்து மீட்டர் சதுரத்துக்குள் எட்டு பேர் போதும். உள்ளங்காலால் பந்தை மாறி மாறித் தொடுவது, இரு பாதங்களின் உட்பக்கத்துக்கு நடுவே தட்டுவது, பிறகு ஸிஸர்ஸ் (பந்தைத் தொடாமல் அதைச் சுற்றிக் காலை வீசி ஏமாற்றுவது), க்ரைஃப் டர்ன் (உதைப்பதுபோலக் காட்டி, பந்தை ஊன்றிய காலுக்குப் பின்னால் இழுத்துத் திரும்புவது) என்று படிப்படியாகப் போகும். பத்தே நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குப் பல நூறு தொடுதல்கள் கிடைக்கும். இடது காலும் பழகும். இந்தக் கணக்கில் வேறெந்த முறையும் இதோடு போட்டி போட முடியாது.

சிக்கல் கோனில், அதாவது தடுக்கும் ஆளுக்குப் பதிலாக வைத்துச் சுற்றிவரும் பிளாஸ்டிக் கூம்பில் இருக்கிறது. கோன் நகராது, காலை நீட்டாது. அதனால் அசைவை அழகாகச் செய்யும் பையன் ஆட்டத்தில், தடுக்க நிற்கும் டிஃபென்டருக்கு நாலு மீட்டர் முன்னாலேயே ஸிஸர்ஸ் போட்டுவிடுவான். எதிராளி அசையவே மாட்டார். ஒன்றரை, இரண்டு மீட்டரில் செய்ய வேண்டியது அது. செய்து முடித்ததும் இரண்டு எட்டு வேகமாகப் பாயாவிட்டால், ஏமாந்த டிஃபென்டர் திரும்பி வந்து பந்தைப் பிடுங்கிவிடுவார். தலை குனிந்தே பழகிய பிள்ளைக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் நிற்கும் தோழனும் தெரியமாட்டான்.

ஃபுனின்யோவில் பக்கத்துக்கு மூன்று பேர், நான்கு சின்ன கோல், கோல்கீப்பர் கிடையாது. சுமார் 30க்கு 25 மீட்டர் களம். ஒவ்வொரு அணிக்கும் தாக்க இரண்டு கோல், காக்க இரண்டு. கோல் கோட்டிலிருந்து 6 மீட்டருக்குள் வந்துதான் அடிக்க வேண்டும். ஒரு கோல் அடைபட்டால் மற்றது திறந்திருக்கும். அதைப் பார்க்க பிள்ளை தானாகவே தலையைத் தூக்கும். கோச் கத்திச் சொல்லித்தர முடியாத பாடம் இது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவத்திலிருந்து சிறுவர் பிரிவுகளில் இப்படிப்பட்ட சிறு ஆட்டங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இதுவும் சொதப்பும். இரண்டு கோல்களையும் நெருக்கமாக வைத்தால் ஒரே டிஃபென்டர் இரண்டையும் காத்துவிடுவார். பன்னிரண்டு மீட்டர் இடைவெளியாவது வேண்டும். 6 மீட்டர் விதியைத் தளர்த்தினால் பலமாக உதைக்கிறவன் மட்டுமே ஆடுவான். பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத பிள்ளை, கிடைத்த நொடியே தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அங்கேதான் கூர்வர் தேவைப்படுகிறார்.

வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம்தான் என்றால் ஃபுனின்யோவை முதுகெலும்பாக வைப்பதே சரி. முதல் 12 நிமிடம் கூர்வர், அதுவும் ஒரே ஒரு அசைவு. அடுத்த 10 நிமிடம் அதையே உயிருள்ள டிஃபென்டருக்கு எதிராக, ஒருவருக்கு ஒருவர். பிறகு 30 நிமிடம் ஃபுனின்யோ, நடுநடுவே தண்ணீர். இதற்குள் அந்த அசைவைச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் பாராட்டினால் போதும். பன்னிரண்டு பேர் வந்தால் இரண்டு களம் போடுங்கள், யாரும் வெளியே நிற்க வேண்டாம். சின்ன கோல் இல்லையா, இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோன் வைத்தால் ஆயிற்று.