கவசத் தகடு வெட்ட கேஸ் கட்டிங்கா, பிளாஸ்மாவா?

சிங்கப்பூரின் துவாஸில் உள்ள எங்கள் பட்டறையில் பிரினெல் அளவுகோலில் 500 கடினத்தன்மை கொண்ட கவச எஃகுத் தகடுகளை நெடுநாள் கேஸ் கட்டிங்கில்தான், அதாவது எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்த சுடரால், வெட்டிவந்தோம். இப்போது 20 மில்லிமீட்டர் வரையுள்ளவற்றைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பிளாஸ்மாவில், அதாவது மின்சாரத்தால் கடுமையாகச் சூடேற்றிய வாயுத் தாரையால், வெட்டுகிறோம். கேஸ் சாதனம் மலிவு, மெல்லிய தகட்டில் பிளாஸ்மாவுக்கே வேகம் அதிகம் என்பவை எல்லோரும் அறிந்தவை. எங்களை மாறவைத்தது விளிம்பில் ஏறும் சூடு.

இவ்வகை எஃகைப் பழுக்கக் காய்ச்சி விரைவாகக் குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். அதன் பிறகு தகடு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறினால் அந்தக் கடினத்தன்மை குறையத் தொடங்கும். ஆறியபின் அது திரும்பாது. கேஸ் டார்ச் மெதுவாக நகர்வதால் வெட்டின் இருபுறமும் வெப்பம் அகலமாகப் பரவுகிறது. சிறிய துண்டுகளில் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் சூடு வெளியேற இடமே இருப்பதில்லை. ஒருமுறை கேஸில் வெட்டிய உள்ளங்கை அகல முக்கோணத் துண்டுகளில், முன்பே தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்த முகம் முழுவதும் நீலம் பாய்ந்திருந்தது. நீலம் என்றால் எஃகு 300 டிகிரியை ஒட்டிச் சூடேறியிருக்கிறது என்று பொருள். கடினத்தன்மையைச் சோதித்தபோது நடுப்பகுதியே தளர்ந்திருந்ததால், அத்தனையும் கழிவாகப் போயின.

பிளாஸ்மாவில் வெப்பம் ஒடுங்கிய கோட்டில் விழுந்து விரைவாகக் கடந்துவிடுகிறது. மிச்சச் சூட்டைத் தண்ணீர் இழுத்துக்கொள்கிறது. விளிம்பில் மென்மையான பட்டை இருக்கத்தான் செய்யும், ஆனால் மிகக் குறுகலாக இருக்கும். காற்றைக் கொண்டு வெட்டினால் விளிம்பில் நைட்ரஜன் ஏறி வெல்டிங்கில் நுண்துளைகள் விழும். அதனால் ஆக்சிஜன் பிளாஸ்மாவையே பயன்படுத்துகிறோம். பிளாஸ்மா டார்ச்சின் முனையிலுள்ள நாசிலும் எலக்ட்ரோடும் அடிக்கடி தேய்வது உண்மைதான், ஆயினும் கழிவாகும் தகட்டின் விலைக்கு முன் அது சிறு செலவு.

தடித்த தகடுகளுக்கு இதே தீர்ப்பைச் சொல்ல மாட்டேன். 50 மில்லிமீட்டருக்கு மேல் நான் கேஸில் மட்டுமே வெட்டியிருக்கிறேன். அங்கே பெரிய ஆபத்து ஹைட்ரஜனால் விளிம்பில் எழும் விரிசல். தகட்டை முன்கூட்டியே அளவாகச் சூடாக்கி, மெதுவாக ஆறவிட்டால் அது வெகுவாகக் குறையும். அந்த விரிசல் வெட்டியவுடன் தெரியாமல் நாள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், எந்த முறையில் வெட்டியிருந்தாலும் 48 மணி நேரம் கழித்து விளிம்பை மறுபடி சோதித்த பிறகே துண்டுகளை வெல்டிங்கிற்கு அனுப்புகிறேன்.