பழைய கடல் மீன் படம் எண்டு பிறேம் போட்டு விக்கினம், கவனம்

யாழ்ப்பாணத்தில "துரைமார் காலத்து" கடல் மீன், நண்டுப் படம் எண்டு விக்கிற ஒராளிட்ட ரெண்டு படம் 38,000 குடுத்து வாங்கினனான், ரெண்டும் இப்பத்தைய பிறின்ற். ஆளின்ர பேர் இஞ்ச வேண்டாம், வேலை எப்பிடி நடக்குது எண்டு தெரிஞ்சாக் காணும்.

ஒண்டு மீன் படம். பெனற் எண்ட வெள்ளைக்காரர் இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றி 1830 இல இலண்டனில போட்ட புத்தகத்தில இருந்து கழட்டினதாம். அப்பிடி ஒரு புத்தகம் உண்மையாவே இருக்கு, அதில 30 படம், செப்புத்தகட்டில அடிச்சுப்போட்டுப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஆக்கள் கையால வர்ணம் பூசினது, அதால கதை நல்லாப் பொருந்திச்சு. மற்றது ஹெக்கல் எண்ட ஜேர்மன்காரரின்ர ஜெலி மீன். அதுக்கும் "செப்புத்தகடு, கையால பூசினது தம்பி, கலரைப் பாருங்கோ" எண்டு தான் சொன்னவர். வீட்ட வந்து தேடிப் பாத்தா ஹெக்கலின்ர அந்தப் படங்கள் 1899 இல இருந்து 1904 வரை கல்லச்சில (செப்புத்தகடு இல்லை, கல்லில கீறி அடிக்கிற முறை) வந்ததுகள், அடிக்கேக்கயே கலர். பேந்து எங்கால செப்புத்தகடும் தூரிகையும்?

உடன பிறேமின்ர பின்பக்கத்தைக் கழட்டினன். கஸ்தூரியார் வீதியில நகைவேலை செய்யிற எங்கட மச்சானிட்டக் கல்லுப் பாக்கிற கண்ணாடி இருக்கு, அதை வச்சுப் பாத்தா மீனின்ர செதில் முழுக்க நீலம், சிவப்பு, மஞ்சள் எண்டு பொட்டுப் பொட்டா மிசின் மை. கையால பூசினதெண்டா வர்ணம் அங்கங்க கோட்டைத் தாண்டி நிக்கும், ஓரத்தில தேங்கிக் காயும். செப்புத்தகட்டில அழுத்தி அடிச்ச தாளில படத்தைச் சுத்திப் பள்ளமா ஒரு தடம் விழும், இதில தடவிப் பாத்தா ஒண்டுமில்லை (ஓரத்தை வெட்டின அசல் தாளிலயும் தடம் இராது, அதை மட்டும் நம்பாதேங்கோ). கள்ளக்காசு பாக்கிற யூவி லைற்றை அடிக்கத் தாள் பளிச்செண்டு நீலமா எரியுது, இப்பத்தைய தாளை வெள்ளையாக் காட்டப் போடுற வெளுப்பு மருந்து தான் அப்பிடி எரியிறது, அது 1830 இல தாளுக்குப் போடேல்லை. பழுப்பு நிறம் வேற முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே சீர், மூலையில வடிஞ்சு காய்ஞ்ச கோடு. தேத்தண்ணியில தோய்ச்சிருக்கினம், அதுவும் அவசரத்தில.

திருப்பிக் கொண்டுபோனா அந்த அண்ணை "பிறேம் கழட்டியாச்சு, இனி எடுக்கேலாது" எண்டார். பிறகு "நான் பழைய படம் எண்டு தானே சொன்னனான், ஒறிஜினல் எண்டு சொன்னனானோ?" எண்டு கேட்டார் பாருங்கோ, எனக்கு வாயே வரேல்லை. பில்லில "படம் 2" எண்டு மட்டும் எழுதிக் கிடக்கு, அது தற்செயல் இல்லை எண்டு தான் நினைக்கிறன். பாவனையாளர் அதிகாரசபைக்கு எழுதிப் போட்டிருக்கிறன், அந்த பில் தான் இப்ப என்ர காலை வாருது.

உந்தப் பழைய புத்தகங்களின்ர ஸ்கேன் இணையத்தில சும்மா கிடக்கு, ஆரும் எடுத்து அடிக்கலாம், அதில பிழையில்லை, பிறின்ற் எண்டு சொல்லி பிறின்ற் விலைக்கு வித்தா நானே சுவருக்கு வாங்குவன். நல்லூர்த் திருவிழாவுக்கு கனடா, லண்டனில இருந்து சொந்தக்காரர் வரேக்கதான் உவருக்கு யாவாரம், அவையளுக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. காசு குடுக்க முதல் பிறேமைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்கோ, பில்லில ஆண்டும், கையால வர்ணம் பூசின செப்புத்தகட்டு அச்சு எண்டும் எழுதித் தரச் சொல்லுங்கோ, மாட்டன் எண்டா வெளிக்கிட்டு வாங்கோ.