படகின் உலோகத்துக்கு எந்தப் பூச்சு தாங்கும்? பயன்படுத்திப் பார்த்தவன் மதிப்பீடு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். உப்புத் தண்ணீரில் ஓடும் படகின் இரும்புப் பாகங்களுக்கு ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது. வெயில் படுகிற, கண்ணில் தெரிகிற பாகமானால் அதன் மேல் எபாக்சி பெயின்ட்டும் பாலியூரித்தேன் பெயின்ட்டும். அலுமினியத்துக்கு அனோடைசிங் (மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்ப்பது), அது முடியாத இடத்தில் மட்டும் பெயின்ட். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு, பூசிய அலுமினியத்தோடு சேரும் இடம் தவிர, பூச்சே வேண்டாம். தூளை உருக்கி ஒட்டும் பவுடர் கோட்டிங்கைக் கேபினுக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாமே என் படகில் ஏதாவது ஒரு பாகத்தில் இருந்திருக்கின்றன, சில இப்போதும் இருக்கின்றன.

பூச்சை எடைபோட நான் பார்ப்பது பளபளப்பையோ கடினத்தையோ அல்ல. கீறல் விழுந்த இடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான். படகில் கீறல் விழாத உலோகம் கிடையாது. நங்கூரச் சங்கிலி உரசும், மணல் ஒட்டிய கயிறு அராவும், கையிலிருந்து ஷாக்கிள் (சங்கிலியை இணைக்கும் உலோக வளையம்) நழுவி விழும், கரை கட்டும்போது எங்காவது இடிக்கும். புதிதாக இருக்கும்போது எந்தப் பூச்சும் தண்ணீரைத் தடுக்கத்தான் செய்யும். கீறலுக்குப் பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியும். அந்தக் கீறலைப் பாகத்தைக் கழற்றாமல் நானே சரிசெய்ய முடியுமா என்பதையும் பார்ப்பேன்.

டப்பாக்களில் ‘உப்புப் புகைச் சோதனையில் இத்தனை ஆயிரம் மணி நேரம்’ என்று போட்டிருப்பார்கள். அந்தச் சோதனையில் நடப்பது இதுதான்: ஒரு மூடிய பெட்டிக்குள், 35 டிகிரி செல்சியஸில், 5 சதவீத உப்புக் கரைசலை விடாமல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பெட்டிக்குள் வெயில் இல்லை. நனைந்து காய்ந்து மறுபடி நனைவது இல்லை. படகில் பூச்சைக் கெடுப்பவை முக்கியமாக இந்த இரண்டும்தான். ஒரே தொழிற்சாலையில் இன்றைய சரக்கு நேற்றைய சரக்கைப் போலவே இருக்கிறதா என்று பார்க்க அந்தச் சோதனை உதவும். மணியை ஆண்டாக மாற்றிக் கணக்குப் போட்டு எதையும் வாங்காதீர்கள்.

பவுடர் கோட்டிங்கில் தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் முதலில் போய் நிற்பது அங்கேதான். மின்னேற்றம் கொடுத்த பிளாஸ்டிக் தூளை உலோகத்தின் மேல் தூவி, 180 முதல் 200 டிகிரி வரை சூடான அடுப்பில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள். வழக்கமாக 60 முதல் 100 மைக்ரான் கனம் வரும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வழிசல் இருக்காது, தூரிகைத் தடம் இருக்காது, பார்க்க அத்தனை அழகு. என் படகின் அலுமினிய ஏணியையும் இரண்டு பிராக்கெட்டுகளையும் வெள்ளை நிறத்தில் போட்டு வாங்கினேன். வந்த புதிதில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்.

கெட ஆரம்பித்தது போல்ட் துளைகளின் ஓரத்தில். முறுக்கும்போது வாஷர் அங்கே பூச்சைக் கடித்திருக்கிறது. அந்த நூலளவு இடைவெளியில் உப்புத் தண்ணீர் நுழைந்து, பூச்சுக்கு அடியில் மெல்லிய புழு ஊர்ந்த தடம்போல் நீண்டு போனது. அலுமினியத்தில் இது நன்கு அறியப்பட்ட நோய், ஃபிலிஃபார்ம் அரிப்பு என்பார்கள். மேலே தோல் முழுசாக இருக்கிறது, தட்டினால் பொக்கென்று சத்தம் வருகிறது, நகத்தால் கிளப்பினால் தாள் தாளாக வருகிறது, அடியில் வெள்ளை மாவு. இதில் எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், கெடுவதை அந்தப் பூச்சே மறைத்து வைக்கிறது. வெறும் அலுமினியமாக விட்டிருந்தால் மேலே சாம்பல் பூத்து அப்படியே நின்றிருக்கும், குழி விழுந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். ஒட்டுப் போடலாம் என்றால் அதுவும் சரிவராது. டப்பா பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் நிறமும் சேராது, ஓரத்தில் பிடிமானமும் இருக்காது. முழுவதையும் உரித்துவிட்டு மறுபடி அடுப்பில் வைப்பதுதான் வழி.

பவுடரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தூள் தூவுவதற்கு முன் அலுமினியத்தை ரசாயனக் குளியலில் முக்கி, மேற்பரப்பை மாற்றி எடுக்க வேண்டும். குரோமேட்டோ, குரோமியம் இல்லாத புதிய வகையோ ஏதாவது ஒன்று. எனக்குச் செய்து கொடுத்த பட்டறையில் கிரீஸ் துடைத்துவிட்டு நேரே தூவிவிட்டார்கள். உங்கள் ஊர்ப் பட்டறையில் அந்தக் குளியல் தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், கண்ணால் பாருங்கள். துளை எல்லாவற்றையும் பூசுவதற்கு முன்பே போட்டு, விளிம்பை உருட்டிக் கொடுங்கள். பூசிய பிறகு டிரில் வைத்தால் அந்த நிமிடமே அரிப்புக்கு வாசல் திறந்த மாதிரி. இவ்வளவும் செய்தால் ஆயுள் கூடும். அப்போதும் நான் அதை வெளியே வைக்க மாட்டேன்; மேஜைக் கால், விளக்குச் சட்டம், உள் அலமாரிக்கு மட்டும்.

ஹாட் டிப் கால்வனைசிங் இதற்கு நேர் எதிர். அழகே கிடையாது. கீறினாலும் வேலை செய்யும். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் அரியக்கூடியது, அதனால் இரண்டும் சேர்ந்து நனையும்போது துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றுகிறது. சிறு கீறலில் இரும்பு வெளியே தெரிந்தாலும் சுற்றிலும் உள்ள துத்தநாகம் அதைத் துருப்பிடிக்க விடாது. அதோடு இது மேலே ஒட்டிய தோல் அல்ல. சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கும்போது இரும்பும் துத்தநாகமும் கலந்து உலோகக் கலவை அடுக்குகளாகவே வளர்கிறது. 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள எஃகில் ஐஎஸ்ஓ 1461 என்ற சர்வதேசத் தரநிலை கேட்பது சராசரியாக 85 மைக்ரான். என் நங்கூரமும் சங்கிலியும் இதில்தான் இருக்கின்றன. பாறையிலும் மணலிலும் இழுபட்டு நுனியில் தேய்ந்திருக்கிறது, மற்ற இடமெல்லாம் மங்கிய சாம்பல் நிறத்தில் அசையாமல் இருக்கிறது. தேய்ந்து போனால் மறுபடி முக்கி எடுக்கலாம்.

ஒரு உலோகம் தன்னைக் கொடுத்து இன்னொன்றைக் காக்கும் இந்தத் தத்துவத்தைக் கப்பலில் முதலில் முயன்றவர் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, 1824இல். பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இரும்பு, துத்தநாகத் துண்டுகளை வைத்துப் பார்த்தார். செம்பு அரியாமல் நின்றது. ஆனால் செம்பு கரைவதால்தான் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருந்தன. கரைவது நின்றதும் கப்பலின் அடியெல்லாம் கடல் உயிர்கள் குடியேறிவிட்டன. உலோகம் காப்பாற்றப்பட்டும் கப்பல் வேகம் குறைந்தது. படிக்கும்போதெல்லாம் அவருக்காக வருத்தப்படுவேன், அறிவியல் முழுக்கச் சரியாக இருந்தும் கிடைத்த பலன் அது. துத்தநாகத்தில் முக்கும் முறைக்கு ஸ்டானிஸ்லாஸ் சொரெல் பிரான்சில் காப்புரிமை பெற்றது 1837இல்.

கால்வனைசிங்குக்குக் கொடுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில. இரண்டு பக்கமும் அடைத்து வெல்டிங் செய்த குழாயை அப்படியே தொட்டியில் போட்டால் உள்ளே உள்ள காற்றும் ஈரமும் விரிந்து வெடிக்கும். காற்றுப் போகவும் துத்தநாகம் வடியவும் துளைகள் கட்டாயம். மெல்லிய தகடு சூட்டில் முறுக்கிக்கொள்ளும். மரைகள் அடைபடும், நட்டின் மரையைக் கொஞ்சம் பெரிதாக வெட்ட வேண்டியிருக்கும். கடையில் பளபளவென்று மின்னும் போல்ட்டை ‘கால்வனைஸ்’ என்று கொடுத்தால் ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் மின்முலாம், சில மைக்ரான்தான், கடலில் சீக்கிரமே போய்விடும். உண்மையான ஹாட் டிப் கரடுமுரடாக, மங்கலாக இருக்கும்.

கால்வனைசிங் மேல் பெயின்ட் அடிக்கலாமா? தாராளமாக. துத்தநாகத்தைப் பெயின்ட் காக்கிறது, பெயின்ட்டுக்கு அடியில் துரு ஊர்வதைத் துத்தநாகம் தடுக்கிறது. ஆனால் எண்ணெய் சார்ந்த சாதாரண எனாமலை நேரடியாக அடிக்கக் கூடாது. துத்தநாகத்தோடு சேர்ந்து அந்த எண்ணெய் சோப்பாக மாறிவிடும், பெயின்ட் முழுத் தாளாகக் கழன்று வரும். எபாக்சி பிரைமர்தான் அடியில் வர வேண்டும். புதுத் துத்தநாகம் வழவழப்பாக இருப்பதால் லேசாக எமரி தாளால் தேய்த்தோ, மெல்லிய சாண்ட் பிளாஸ்டிங் (மணல் துகளை வேகமாக அடிப்பது) கொடுத்தோ சொரசொரப்பாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது டூ-பேக் எபாக்சி, அதாவது இரண்டு டப்பாவாக வந்து கலந்து பூசும் பெயின்ட். என் மதிப்பீட்டில் அதிக மதிப்பெண் இதற்குத்தான், அதிகப் பொறுமை கேட்பதும் இதுதான். கால்வனைசிங் தொட்டிக்குக் கொண்டுபோக முடியாத இரும்பு எல்லாவற்றுக்கும் இதையே நம்புகிறேன். வெற்று எஃகானால் துரு ஏறக்குறைய முழுதும் போய் உலோகம் தெரியும் எஸ்ஏ 2½ தரத்துக்குச் சாண்ட் பிளாஸ்டிங் செய்வதுதான் அடித்தளம். அதற்கும் முன்னால் நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்க வேண்டும். பிளாஸ்டிங் துருவை எடுக்கும், குழிக்குள் ஒளிந்திருக்கும் உப்பை எடுக்காது. அந்த உப்பு பெயின்ட்டுக்கு அடியில் தண்ணீரை இழுத்துக் கொப்புளமாக்கும்.

பூசும்போது காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், உலோகத்தின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்கட்டும். தண்ணீர் ஓரத்தில் அதிகாலையிலும் அந்தியிலும் இது கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தின் மேல் பூசினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிறகு உரியும். கூர்மையான விளிம்பில் பெயின்ட் நிற்காது, இருபக்கமும் வழிந்து உச்சியில் மெலிந்துவிடும். அதனால் விளிம்பைக் கிரைண்டரால் 2 மில்லிமீட்டர் அளவு உருட்டிவிட்டு, விளிம்பு, வெல்டிங் தையல், போல்ட் தலை இவற்றுக்குத் தூரிகையால் தனியாக ஒரு கோட் கொடுத்த பிறகு முழுதும் அடியுங்கள். ஸ்பிரே மட்டும் நம்பிப் பூசிய படகுகளில் துரு முதலில் எட்டிப்பார்ப்பது எப்போதும் விளிம்பில்தான். அடுத்த கோட்டுக்கு டப்பாவில் போட்டிருக்கும் நேர அளவைத் தாண்டினால் எமரி தேய்க்காமல் மேலே போகாதீர்கள். பிசுபிசுப்பான படலம் மேலே வந்திருந்தால் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிறகு தேயுங்கள்.

எபாக்சிக்கு ஒரே பலவீனம் வெயில். புற ஊதாக் கதிரில் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். அதனால்தான் மேலே வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் வகைப் பாலியூரித்தேன். நிறமும் மினுக்கும் நிற்கும். அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஸ்பிரே செய்தால் நுரையீரலுக்கு நிரந்தரத் தீங்கு வரலாம். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் இல்லாமல் யாரும் ஸ்பிரே எடுக்க வேண்டாம். நான் ரோலரிலும் தூரிகையிலும் முடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் தடம் தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு ஏன் அதிக மதிப்பெண் என்றால், கீறல் விழுந்த அன்றே சரிசெய்யலாம். நல்ல தண்ணீரில் கழுவு, எமரியால் ஓரத்தைச் சரிவாகத் தேய், சிறிய அளவில் கலந்து எபாக்சி ரெண்டு கோட், மேலே பாலியூரித்தேன். பாகம் படகிலேயே இருக்கும்.

அலுமினியத்துக்கு அனோடைசிங்தான் சிறந்தது என்றேன். அது பூச்சே இல்லை. மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்திலிருந்தே ஆக்சைடு படலத்தை வளர்க்கிறார்கள். அதனால் உரிய எதுவும் இல்லை. கடலோரப் பயன்பாட்டுக்கு 25 மைக்ரான் கேளுங்கள், படலத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலிங் செய்தார்களா என்றும் கேளுங்கள். காரம் மிகுந்த சோப்பு இதைக் கரைத்துவிடும். வெல்டிங் வேலை எல்லாம் முடித்த பிறகே தொட்டிக்குக் கொடுக்க வேண்டும், பின்னால் வெல்டிங் வைத்தால் அந்த இடம் போயிற்று.

எந்தப் பூச்சாக இருந்தாலும் அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுகிற இடம் தனிக் கவனம் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் நைலான் வாஷர், மரையில் டெஃப்-ஜெல் போன்ற தடுப்புப் பசை. இன்னொன்று பலருக்கும் தலைகீழாகத் தோன்றும்: இரண்டு உலோகம் சேரும் இடத்தில் அலுமினியத்தை மட்டும் பூசிவிட்டு ஸ்டெயின்லெஸ்ஸை வெறுமையாக விடுவது ஆபத்து. பூச்சில் விழும் சின்ன ஓட்டையில் மொத்த அரிப்பும் குவிந்து ஆழமாகத் துளைத்துவிடும். பூசினால் இரண்டையும் பூசுங்கள். தண்ணீருக்குக் கீழே உள்ள அலுமினியத்தில் செம்பு கலந்த பாசித் தடுப்பு பெயின்ட் கூடவே கூடாது.

ஸ்டெயின்லெஸ் தன்னைத் தானே காத்துக்கொள்வது சில நானோமீட்டர் கனமுள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தால். அது கீறினால் ஆக்சிஜன் பட்டதும் தானாகவே மறுபடி உருவாகும். மேலே பெயின்ட் அடித்து, ஓரம் கிளம்பி உப்புத் தண்ணீர் உள்ளே தேங்கினால் ஆக்சிஜன் கிடைக்காமல் இடுக்கில் குழி விழும். 304 வகை ஸ்டெயின்லெஸ்ஸுக்குப் பதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உள்ள 316 வகையை வாங்கி, எலக்ட்ரோபாலிஷ் (மின்சாரத்தால் மேற்பரப்பை வழவழப்பாக்குவது) செய்து விடுங்கள். பழுப்புக் கறை வந்தால் சிட்ரிக் அமிலம் போதும். சாதாரண இரும்பு பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள்.

குரோம் முலாம் பற்றிச் சுருக்கமாக: வெண்கலத்தின் மேல் போட்டது நன்றாகவே நிற்கிறது, துத்தநாக வார்ப்பின் மேல் போட்டது கடலில் கொப்புளித்துப் போகிறது. கையில் எடுத்துப் பாருங்கள், வெண்கலம் கனக்கும்.

கடைசியாக அனோடுகள், அதாவது தாங்கள் கரைந்து படகின் மற்ற உலோகத்தைக் காக்கும் உலோகக் கட்டிகள். படகின் அடியில் பெயின்ட் அடிக்கும்போது அவற்றையும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். பூசிய அனோடு கரையாது, கரையாவிட்டால் புரொப்பெல்லரையும் ஷாஃப்டையும் காக்காது. டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகமோ அலுமினியமோ, ஏரி ஆற்றுக்கு மக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.