கொழிஞ்சாம்பாறை சேச்சி கடை: ஐந்துக்கு நாலு

போர்டு வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. பெயரைப் படிக்க முடியாது. கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் யாரிடம் வழி கேட்டாலும் "சேச்சி கடையா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். ஜெராக்ஸ், போட்டோ, கரண்ட் பில், ரேஷன் கார்டு திருத்தம் எல்லாம் அங்கே நடக்கும். நான் போனது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் காசுக்காக. 2023இல் இரண்டு முறை போனேன். முதல் முறை கை உடைந்திருந்தது, இரண்டாம் முறை வேலை போயிருந்தது.

கையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அப்போது நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில், கான்ட்ராக்டர் ஆளாக இருந்தேன். மாதம் 15,600 ரூபாய். அதில் முக்கால் சதவீதம், 117 ரூபாய், இஎஸ்ஐக்குப் பிடிப்பார்கள். கான்ட்ராக்டர் தன் பங்கு மூன்றேகால் சதவீதம் கட்ட வேண்டும். ஆறு வருடம் பிடித்தார்கள். அந்த 117 ரூபாயை ஒரு நாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

விஷு முடிந்து மூன்றாம் நாள், ஏப்ரல் 18, காலை ஷிப்டுக்கு மேனோன்பாறை வழியாக ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். முந்தின ராத்திரி மழைக்கு விழுந்த தென்னை மட்டை ரோட்டின் குறுக்கே கிடந்தது. இடது மணிக்கட்டு முறிந்தது. 46 நாள் மாவுக்கட்டும் வீடும்தான்.

சூப்பர்வைசர் போனில், "சிக் லீவ்னு போட்டுக்கம்மா, ஆக்ஸிடென்ட்னு எழுதினா நமக்குத்தான் தலைவலி" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்கத்தான் சேச்சி கடைக்குப் போனேன். அவர் தாளைக் கையில் வாங்கி, கட்டைப் பார்த்து, "எவிடெ வெச்சா வீணது?" என்று கேட்டார். வேலைக்குப் போகும் வழியில் என்றேன். மெஷினை நிறுத்திவிட்டார்.

பழுதான ஒரு போட்டோ பேப்பரின் பின்பக்கம் கணக்குப் போட்டார். என் ஒரு நாள் கூலி சுமார் 600. சாதாரண நோய் லீவு என்றால் அதில் 70 சதவீதம், 420. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஆக 44 நாளுக்கு 18,480. வேலை சம்பந்தப்பட்ட காயம் என்றால் 90 சதவீதம், 540. இதில் அந்த இரண்டு நாள் கழிவும் இல்லை, 46 நாளுக்கு 24,840. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஆகும் விபத்தும் வேலைக் காயம்தான், 2010இல் சட்டத்தில் சேர்த்தார்கள் என்றார். நேரமும் இடமும் வேலையோடு பொருந்துகிறது என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். நோய் லீவு வருடத்துக்கு 91 நாள் வரைதான், அதுவும் முந்தைய ஆறு மாதத்தில் 78 நாள் பிடித்தம் இருந்தால்தான். காயத்துக்கு அந்த 78 நாள் கணக்கு கிடையாது.

சூப்பர்வைசரின் தலைவலிக்கு என் விலை 6,360 ரூபாய். சேச்சி ஒரு கடிதம் டைப் செய்து தந்தார். கிளம்பிய நேரம், விழுந்த இடம், அன்றைக்கு எனக்கு எந்த ஷிப்ட், ஆஸ்பத்திரி ஓபி சீட்டு நேரம் எல்லாம் அதில் இருந்தது. கான்ட்ராக்டர் இரண்டு முறை நினைவூட்டியபின் விபத்து ரிப்போர்ட் அனுப்பினார். ஜூலையில் பணம் வந்தது.

செப்டம்பர் 30ஆம் தேதி எங்கள் லைனை நிறுத்தினார்கள். 11 பேர் வீட்டுக்கு வந்தோம். அந்த வாரம் கிடைத்த அறிவுரைகளைச் சொல்லாமல் விட முடியாது. பொள்ளாச்சியில் இருக்கும் அத்தை மகன், "எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல பதிஞ்சா மாசாமாசம் பணம் வரும், எங்க பக்கம் பத்தாவது பாஸுக்கு 300, டிகிரிக்கு 600" என்றான். அது தமிழ்நாட்டுக் கணக்கு, பதிந்து ஐந்து வருடம் காத்திருக்கவும் வேண்டும். எங்கள் கேரளத்தில் அப்போது வேலையில்லாதோருக்கு மாதம் 120 ரூபாய், அதுவும் 35 வயது வரை. எனக்கு 38. 120 ரூபாய்க்குத் தகுதி இல்லாமல் போனதை நினைத்துச் சிரித்தேன். வேறென்ன செய்வது?

இஎஸ்ஐயில் இருப்பது வேறு. 2018 ஜூலையில் வந்த திட்டம், பெயர் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா. கடையில் அதை 'அடல்' என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முதலில் கூலியில் 25 சதவீதம் தந்தார்கள். கொரோனா வந்தபோது, 2020 மார்ச் 24இலிருந்து 50 ஆக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே தடவை. இரண்டு வருடமாவது இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும். இஎஸ்ஐ வருடத்தை ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று பிரித்துப் பார்க்கும். வேலை போவதற்கு முந்தைய அரை வருடத்தில் 78 நாள், அதற்கும் முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் பிடித்தம் வேண்டும். மாவுக்கட்டு நாட்கள் என் கணக்கைத் தின்றிருக்குமோ என்று பயந்தேன். சேச்சி சுவர் காலண்டரை இறக்கி எண்ணினார். விடுமுறைகளைக் கழித்தாலும் நூறைத் தாண்டியது.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனியே மூடியாச்சா?" என்பது. மூடியிருந்தாலோ, சட்டப்படி ஆள்குறைப்பு என்றாலோ, வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் 40 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தர ஊனம் என்றாலோ, ராஜீவ் காந்தி பெயரில் 2005இலிருந்து இருக்கும் இன்னொரு திட்டத்தில் 24 மாதம் வரை கிடைக்க வழி உண்டு. கான்ட்ராக்டர் என்னிடம் எழுத்தில் எதுவும் தரவில்லை. எனக்கு அடல்தான். "ஒரு பிராவசியம் மாத்ரமாணு, அறியாமல்லோ?" என்றார். ஒரே ஒரு தடவைதான் என்று தெரிந்தும் சரி என்றேன். வீட்டில் சிலிண்டர் காலி.

இந்தக் கடைக்கு நான் நட்சத்திரம் கொடுப்பது அடுத்து நடந்ததற்கு. வேறொரு இடமாக இருந்தால் ஆதாரை வாங்கி, தட்டி, ஓடிபி கேட்டு, பிரிண்ட் எடுத்து அனுப்பியிருப்பார்கள். சேச்சி முதலில் என் இஎஸ்ஐ கணக்கைத் திறந்து மாதாமாதம் எத்தனை நாள் கட்டியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். செப்டம்பரில் கடைசி நாள் 16 என்று இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'லெஃப்ட் சர்வீஸ்'. அதாவது நானாகவே போய்விட்டேன்! அந்தப் பட்டியலில் ஆள்குறைப்பு, வேலையில்லை என்றெல்லாம் தனித்தனியாக உண்டாம். கான்ட்ராக்டர் ஆபீஸ் பையன் கைக்கு வந்ததை அமுக்கியிருக்கிறான். விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவர்களுக்கும் இந்தப் பணம் கிடையாது. இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் சரிபார்க்கும்போது இந்த ஒரு சொல்லை வைத்தே திருப்பி அனுப்பலாம்.

அடுத்து பெயர். என் பெயர் தங்கமணி. அப்பா வைத்தது தமிழில். ஆதார் எடுத்த இடத்தில் இங்கிலீஷில் 'கே' போட்டு எழுதியிருக்கிறார்கள், மலையாளத்து வழக்கம் அது. கம்பெனியில் சேர்த்துவிட்டவர் கோயம்புத்தூர்க்காரர், 'ஜி' போட்டார். எல்லையில் இருப்பவர்களுக்கு இது தலையெழுத்து. சேச்சி சிரித்துவிட்டு, இரண்டு திருத்தத்தையும் ஒரே தாளில் எழுதி, செப்டம்பர் முழுச் சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்துக் கட்டி, கான்ட்ராக்டரிடம் அனுப்பினார். ஒரே நடையில் இரண்டும் முடிந்தது. அன்றைக்கு அவர் வாங்கியது 30 ரூபாய்.

இடையில், கிளை அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்னைப் பிடித்தார். 20 ரூபாய் முத்திரைத் தாளில் அபிடவிட் இல்லாமல் நடக்காது, எழுத 500, பணம் வந்ததும் பத்தில் ஒன்று என்றார். சேச்சியிடம் சொன்னேன். அபிடவிட்டை 2020 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள் என்றார். மரத்தடி ஆளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போல!

வேலை போய் 30 நாள் கழித்துத்தான் மனு. நவம்பர் 2 அன்று போட்டோம். முதலாளி கையெழுத்து தேவையில்லை, நாமே நேரடியாகப் போடலாம். பிரிண்டில் கையெழுத்திட்டு ஆதார், பாஸ்புக் நகலோடு கிளையில் கொடுத்தேன். 15 நாளில் தீர்ப்பார்கள் என்று அரசு அறிவித்திருந்தது. எனக்கு 41 நாள் ஆனது. இங்கேதான் ஒரு நட்சத்திரம் போகிறது. என் வங்கி வேறொன்றோடு இணைந்து ஐஎஃப்எஸ்சி மாறியிருந்தது. நான் பழைய பாஸ்புக்கை நீட்டினேன், சேச்சி அதையே அடித்தார். அத்தனை வரியையும் துருவிப் பார்த்தவர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டார். பாதிப் பழி என்னுடையது, அதனால்தான் ஒன்றோடு நிறுத்துகிறேன். திருத்தத்துக்குக் காசு வாங்கவில்லை.

டிசம்பர் 13 முதல் தவணை, ஜனவரியில் மீதி. மொத்தம் 21,600. நாளுக்கு 300 வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், 240தான் வந்தது. வேலை போவதற்கு முந்தைய நான்கு அரை வருடங்களில், அதாவது இரண்டு வருடத்தில் வாங்கிய மொத்தச் சம்பளத்தை, எனக்கு அது 3,50,400, 730ஆல் வகுத்துப் பாதி தருகிறார்கள். ஞாயிறும் சேரும், மாவுக்கட்டில் இருந்த நாளும் சேரும். அந்த 90 நாளுக்கு வைத்தியமும் உண்டு. அம்மாவின் சர்க்கரை மாத்திரை டிஸ்பென்சரியில் நிற்காமல் கிடைத்தது.

இரண்டு விஷயத்துக்கும் சேர்த்து நான் கடையில் கொடுத்தது 210 ரூபாய். உட்கார ஒரே ஸ்டூல். காற்றுக் காலத்தில் கரண்ட் போனால் அன்றைக்கு வேலை இல்லை. போகிறவர்கள் புதிய பாஸ்புக்கையும், ஆதாரில் இணைத்த போன் நம்பர் உள்ள போனையும் கொண்டுபோங்கள், பையன் கையில் இருக்கிறது என்றால் பையனையும் கூட்டிப் போங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். குனிந்து உள்ளே போகாதீர்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.