'தெரியாது' என்பதை கான்டோனீஸில் பக்குவமாகச் சொல்ல: எந்த வழி யாரிடம் எடுபடும்?

புயல் நெருங்கினால் ஹாங்காங் அலுவலகங்களில் ஒரே பேச்சுதான்: நாளைக்கு 8-ஆம் எண் எச்சரிக்கை ஏற்றுவார்களா? ஏற்றினால் பள்ளிகளுக்கும் பெரும்பாலான அலுவலகங்களுக்கும் விடுமுறை. பதில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ஆனால் அங்கே பேசும் சீன மொழியான கான்டோனீஸில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்.

பக்கத்து மேசைக்காரர் "வூய் குவா" என்பார். 'வூய்' என்றால் ஏற்றுவார்கள். கடைசியில் ஒட்டிய 'குவா' அதை வெறும் ஊகமாக்கிவிடும். கான்டோனீஸில் ஆறு சுரங்கள் (குரலின் ஏற்ற இறக்கங்கள்) சொல்லின் பொருளையே மாற்றுவதால், குரலை இழுத்துத் தயக்கம் காட்ட அதிக இடமில்லை. அந்த வேலையை இப்படிப்பட்ட கடைசி அசைகள் பார்த்துக்கொள்கின்றன. நண்பர்களிடம் குவாவுக்கு ஈடில்லை. மேலதிகாரி கேட்கும்போது சொன்னால், விசாரிக்கக்கூட மெனக்கெடவில்லை என்று படும். அப்புறம், "ம் ஹை குவா" என்பது 'அட, நிஜமாவா!' என்கிற நம்பாத வியப்பு. சனிக்கிழமை வேலைக்குக் கூப்பிடுபவரிடம் அது வாய்தவறி வந்தால் பணிவில் சேராது.

"ஹோவ் சி வூய்" கிட்டத்தட்ட நம்முடைய 'ஏத்துவாங்க போல'. கண்ணிலோ காதிலோ ஏதோ பட்டிருக்கிறது என்று பொருள். "யிங் கோய் வூய்" ஒரு படி மேலே: யோசித்துப் பார்த்தால் ஏற்றத்தான் வேண்டும். இரண்டையும் யாரிடமும் சொல்லலாம், ஆனால் பின்னது பொய்த்தால் பழி உங்கள் தலையில்.

பழி வேண்டாம் என்றால் 'வோ' இருக்கிறது. தாழ்வில் தொடங்கி ஏறும் சுரத்தில் "வூய் வோ" என்றால் 'ஏத்துவாங்களாம்'. சொன்னது வேறு யாரோ. அதே வோ தட்டையான சுரத்தில் வந்தால் 'ஏத்துவாங்க, பாத்துக்கோ' என்று நீங்களே சொல்வதாகிவிடும். புதிதாகக் கற்பவர் ஏறும் வோவைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம்.

சரி, எதுவுமே தெரியாவிட்டால்? வெறும் "ம் ஜி" (தெரியாது) முகத்திலடித்தாற்போல இருக்கும். "ம் ஹோவ் யீ சீ, ம் ஹை ஹோவ் ச்சிங் ச்சோ" என்பார்கள்: மன்னிக்கணும், அவ்வளவு தெளிவாத் தெரியல. பல நேரம் சுத்தமாகவே தெரியாது. அந்த 'அவ்வளவு' கேட்டவரின் மனம் கோணாமலிருக்க. வழி கேட்கும் அந்நியர், வாடிக்கையாளர், மேலதிகாரி எல்லோருக்கும் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். நீளம் ஒன்றுதான் குறை. நண்பரிடம் "ம் ஜி வோ" போதும். அங்கே தட்டையான வோவே மொட்டைத்தனத்தைக் குறைத்துவிடும்.