பெட்டியில் 12,000 லூமென், சுவரில் 160

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தபோது கடைக்காரர் வைத்த ஒரே நிபந்தனை அதுதான், நானும் ஒப்புக்கொண்டேன். நடந்ததை எழுதக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன். பெரிய டிவி வாங்குவதா, புரொஜெக்டர் வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. மறுவாரமே எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரிய டிவி வந்து இறங்கியது. எங்கள் கூடத்தில் இருந்தது பத்து வருடப் பழைய 32 அங்குலம். அப்பாவுக்கு வயது 76, இரண்டு கண்ணிலும் புரை நீக்கியாயிற்று. ஸ்கோர் எண் தெரியவில்லை என்று நாற்காலியை நகர்த்தி நகர்த்தி டிவிக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்துவிடுவார். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிவது அவருடைய தலை மட்டும்தான்.

75 அங்குல டிவி வாங்கலாம் என்றாள் மனைவி. நான் மாடிப்படியை நினைத்துப் பயந்தேன். அந்த அளவு டிவி ஏறத்தாழ 166 செ.மீ. அகலம் இருக்கும். பெட்டியோடு சேர்த்தால் இன்னும் ஒரு சாண். அதை நிமிர்த்திப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கிப் பேனல் விரிசல் விட்டால் உத்தரவாதம் உதவாது. திருச்சியின் பழைய தெருவொன்றில், மாடியில் இருக்கிறது எங்கள் வீடு. கட்டிலையே கயிறு கட்டிப் பால்கனி வழியாகத்தான் ஏற்றினோம். இந்த நேரத்தில்தான் மைத்துனன் வந்தான். "அத்தான், ஒரு பையில் அடங்குகிற பொருள். சுவர் முழுக்கப் படம் தெரியும். டிவிக்கு எதற்கு முக்கால் லட்சம்?" என்றான். எனக்கும் அதுவே வேண்டியிருந்தது. ஏமாறுவதற்குப் பாதி வேலையை நாமே செய்து வைத்திருப்போம், மீதியைத்தான் கடைக்காரர் செய்கிறார்.

தீபாவளித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. கடையின் மேல்மாடியில் ஓர் அறை, சுவரெல்லாம் கறுப்புத் துணி. கதவைச் சாத்தியதும் கைவிரல் தெரியாத இருட்டு. பவளப்பாறையில் மீன்கள், எரிமலைக் குழம்பு, இரவு நகரத்து விளக்குகள் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்கள். எல்லாம் கறுப்புப் பின்னணியில் பளிச்சென்ற வண்ணங்கள். பச்சைப் புல்வெளியில் வெள்ளைப் பந்து ஓடுகிற காட்சியைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. "பகலில் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். "12,000 லூமென் சார், வெயிலிலேயே தெரியும்" என்றார் விற்பனையாளர். லூமென் என்பது கருவி வெளியே விடும் மொத்த ஒளியின் அளவு. பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. கூடவே 4கே, 150 அங்குலம், சினிமாத் தரம். புரொஜெக்டர் 34,500, திரைச்சீலை 5,500, பொருத்தும் கூலி 2,000. மொத்தம் 42,000 ரூபாயை அக்டோபர் 15 அன்று கொடுத்துவிட்டு வந்தேன். திரைச்சீலையைப் பிரித்தபோது அம்மா தடவிப் பார்த்து, "நல்ல வெள்ளையாக இருக்கிறதே" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு முந்தைய நாள். பெர்த்தில் இந்தியா, ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டம். நம் நேரப்படி காலை 9 மணிக்குத் தொடங்கியது. ரோஹித்தும் கோலியும் பல மாத இடைவெளிக்குப் பிறகு ஆடுகிறார்கள் என்று அப்பா எட்டரைக்கே குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் கூடத்துக்குக் கிழக்கே இரண்டு ஜன்னல்கள். திரையில் தெரிந்தது பலமுறை துவைத்து வெளுத்த சேலையின் நிறத்தில் ஏதோ ஒன்று. ஆட்கள் நிழல்போல நகர்ந்தார்கள். பந்து இருந்ததா என்று தெரியவில்லை. ரோஹித் 8 ரன்னில் போனதையும், கோலி ரன் எடுக்காமல் போனதையும் அப்பா வர்ணனையைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். "இதற்கு ரேடியோ போதுமே, தம்பி" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் உறைத்தது.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போடுங்கள் சார், நம்மிடமே இருக்கிறது, 7,000 ஆகும்" என்று பதில் வந்தது. வெயிலிலேயே தெரியும் என்று விற்ற பொருளுக்கு வெயிலை மறைக்கத் துணியும் அவர்களே விற்கிறார்கள். 25ஆம் தேதி சிட்னியில் ரோஹித் ஆட்டமிழக்காமல் 121 அடித்ததைப் பழைய 32 அங்குலத்தில், அப்பாவின் தலைக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.

சித்தப்பா மகன் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். ஒரு லக்ஸ் மீட்டரோடு வந்தான். ஒரு சதுர மீட்டரில் எத்தனை லூமென் ஒளி விழுகிறது என்பதுதான் லக்ஸ். இந்தப் பதிவை எழுதுவதே அவன் செய்து காட்டியதைச் சொல்வதற்காகத்தான். முழுத் திரைக்கும் வெறும் வெள்ளைப் படத்தைப் போட்டான். ஜன்னல்களைப் போர்வையால் மூடி, திரையை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் மீட்டரை வைத்துக் குறித்தான். நடுக்கட்டத்தில் 90 லக்ஸ், மூலைகளில் 42. ஒன்பதுக்கும் சராசரி 58. எங்கள் 100 அங்குலத் திரை 2.21 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம். பரப்பு 2.76 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 160. அவ்வளவுதான் லூமென். ஆன்சி (அமெரிக்கத் தர அமைப்பு) லூமென் என்பது அடிப்படையில் இந்த ஒன்பது இடக் கணக்குதான். நல்ல நிறுவனங்கள் ஆன்சி என்றோ ஐஎஸ்ஓ 21118 என்ற சர்வதேசத் தரம் என்றோ அந்தத் தரத்தின் பெயரைச் சேர்த்தே எழுதுகின்றன. வெறுமனே லூமென் என்று போட்டால் அது எதை அளந்த எண் என்று யாருக்கும் தெரியாது.

பிறகு புரொஜெக்டரை அணைத்து, போர்வைகளை எடுத்துவிட்டு, காலை வெளிச்சம் மட்டும் அதே திரையில் எவ்வளவு விழுகிறது என்று அளந்தான். 140 லக்ஸ். "அண்ணா, ஜன்னல் 140 தருகிறது, உங்கள் மிஷின் 58 தருகிறது. கறுப்பு என்று நீங்கள் பார்ப்பது 140, வெள்ளை என்று பார்ப்பது 198. இரண்டுக்கும் ஒன்றரை மடங்குகூட வித்தியாசம் இல்லை" என்றான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் கறுப்பு என்பது ஒளி விழாத இடம். அந்த இடத்தில் அறை வெளிச்சம் விழுந்துவிட்டால் கறுப்பு போயிற்று, கறுப்போடு படமும் போயிற்று. டிவியின் கண்ணாடி தானே கறுப்பாக இருக்கிறது, வெளிச்சமும் உள்ளிருந்து வருகிறது. அதனால்தான் ஜன்னல் திறந்திருந்தாலும் அது தாக்குப்பிடிக்கிறது. பெரிய படம் கேட்கும்போது இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். 50 அங்குலத்தை 100 ஆக்கினால் பரப்பு நான்கு மடங்கு, அதே வெளிச்சம் நான்காகப் பங்கு போகிறது. 150 அங்குலம் வரை என்று பெட்டியில் போடுவது சுலபம். ஒரு கரண்டி மாவை எவ்வளவு பெரிய கல்லிலும் இழுக்கலாம், தோசை வருமா என்பதுதான் கேள்வி.

4கே கதை இன்னும் மோசம். 4கே என்றால் 3840க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று மாற்றி மாற்றிக் கோடு போட்ட சோதனைப் படங்களை ஒவ்வோர் அளவிலும் ஓட்டினோம். 4கேயில் சாம்பல் பூச்சு. 1920க்கு 1080இலும் அதேதான். 1280க்கு 720இல்தான் கோடு கோடாகப் பிரிந்தது. அதாவது 9 லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே படத்தை அது உள்ளே வாங்கிக்கொள்ளும், வெளியே விடுவது ஒன்பதில் ஒரு பங்கு. 'ஆதரிக்கும்' என்ற ஒரு சொல்லைப் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். படம் சற்றுக் கோணலாக விழுந்ததைத் தானியங்கியாகச் சரிசெய்தபோது அந்தப் புள்ளிகளிலும் ஓரத்தில் ஒரு பகுதி வீணாயிற்று. ஓடிடி படங்கள் தெளிவில்லாமல் வந்ததற்குக் காரணம் வேறு. திருட்டு நகலைத் தடுக்கும் வைட்வைன் எல்1 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாத கருவிக்குப் பல தளங்கள் 480 வரித் தரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. மிக்ஸி ஓடுவது போன்ற விசிறிச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். நவம்பர் 2 இரவு, பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மழையால் தாமதமாகி மாலை 5 மணிக்குத் தொடங்கியது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அந்த மிஷினில்தான் பார்த்தோம். எழுத்துகள் மங்கல்தான். ஆனாலும் தீப்தி சர்மா ஐந்தாவது விக்கெட்டை எடுத்தபோது கூடம் முழுக்க மைதானமாக இருந்தது. புரொஜெக்டர் என்ற பொருளே மோசடி என்று நான் சொல்லவில்லை. நண்பர் ஒருவர் வீட்டில், ஜன்னலே இல்லாத அறையில், உண்மையான 2,000 ஆன்சி லூமென் கருவியில் படம் பார்த்திருக்கிறேன். பொறாமையோடுதான் திரும்பினேன்.

நவம்பர் 8 அன்று குறிப்புகளோடும் புரொஜெக்டரோடும் கடைக்குப் போனேன். "அது எல்இடி லூமென் சார், ஆன்சி வேறு கணக்கு" என்றார் விற்பனையாளர். அரைப்படி அளந்து கொடுத்துவிட்டு, எங்கள் கடைப் படி வேறு என்று சொல்கிற கதை. எந்தக் கணக்கில் 160 பன்னிரண்டாயிரம் ஆகும் என்று கேட்டேன். பதில் இல்லை. "சரி, அந்த இருட்டறையில் உங்கள் மிஷினுக்குப் பக்கத்தில் இதையும் ஓட்டுங்கள்" என்றேன். தயங்கினார். நானே மேலே ஏறிப்போய், தலைக்கு மேலே இருந்த கறுப்புத் துணியை விலக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்தது வேறு மிஷின். அலுவலகக் கூட்ட அறைகளில் தொங்குமே, அந்த வகை. என் கருவியைப்போல இரண்டு மடங்கு பெரியது, லென்ஸே உள்ளங்கை அகலம். இருட்டில் எனக்குக் காட்டியது அதை, பெட்டியில் கட்டிக் கொடுத்தது இதை.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று இருந்தது. அதைப் பார்த்துப் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பவர் எந்த விதத்தில் சொன்ன தரமாக இருந்தாலும் அது பொருளில் இல்லாவிட்டால் குறைபாடுதான். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. எனக்கு அன்று 24ஆவது நாள். கடை வாசலிலேயே நின்று 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். தமிழிலேயே பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை என்பதையும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதையும் முதலாளி வந்ததும் சொன்னேன். அதுவரை 'சார்' போட்டவர் 'அண்ணே' என்று ஆரம்பித்தார். இரண்டு வாரம் இழுத்து 21,000 கொடுத்தார். பயன்படுத்திய கழிவு, பொருத்திய கூலி, திரையைத் திரும்ப வாங்க முடியாது என்று கணக்கு. வழக்குப் போட்டிருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கலாம். அப்பா "விடு" என்றார், விட்டேன். முடிந்தவர்கள் விடாதீர்கள்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் அறையில் நீங்கள் பார்க்கப்போகிற நேரத்தில், பெட்டி பிரித்த அதே மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் படியிறங்கிவிடுங்கள். ஆன்சி லூமென் எவ்வளவு, பேனலின் சொந்தப் புள்ளி அளவு எவ்வளவு என்று இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பேனா எடுக்கத் தயங்குவதிலேயே பாதி உண்மை தெரிந்துவிடும்.

டிசம்பரில் 65 அங்குல டிவி வாங்கினோம். அகலம் 145 செ.மீ. மாடித் திருப்பத்தை நூல் பிடித்து அளந்ததில் பெட்டியோடு தாராளமாக நுழைந்தது. கயிறும் வேண்டியிருக்கவில்லை. அந்த நூலை அக்டோபரிலேயே பிடித்திருக்கலாம் என்று மனைவி இதுவரை நான்கு முறை சொல்லிவிட்டாள்.

திரைச்சீலை பரணில் கிடந்தது. பொங்கல் கழிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அம்மா அதை மொட்டைமாடியில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, ஜவ்வரிசி வடாம் பிழிந்தாள். ஒட்டாமல் உரிந்து வருகிறதாம். வெயிலிலும் நன்றாகத் தெரிகிறது.